மார்பகப் புற்றுநோய்க்கு 12 லட்சம் கேட்கிறார்கள், வீட்டை விற்கலாமா?

கரூரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 54. மார்பில் கட்டி, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. இரண்டாம் கட்டம், ஹெர்-2 பாசிட்டிவ், அதாவது ஹெர்-2 என்ற புரதம் அதிகமுள்ள வகை. தனியார் மருத்துவமனை ஒன்று 12 லட்சம் ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறது. உங்கள் சம்பளம் 32,000. கம்பெனிக் காப்பீட்டில் அம்மாவையும் சேர்த்திருக்கிறீர்கள், வரம்பு 3 லட்சம். அப்பா வீட்டை விற்கத் தரகரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். "மொத்தம் எவ்வளவு ஆகும், வீட்டை விற்றால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: அந்த 12 லட்சம் இந்த நோய்க்கான விலையா, அல்லது அந்த இடத்தில், அந்த மருந்துத் தேர்வுகளோடு, அந்த அறை வகையில் மருத்துவம் பார்ப்பதற்கான விலையா? பெரும்பகுதி இரண்டாவதுதான். அதனால் வீட்டைப் பற்றிய முடிவை இந்த மாதம் எடுக்காதீர்கள்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் புற்றுநோய் மருத்துவர் அல்ல. நோயாளிகளின் செலவுத் திட்டமிடலும் காப்பீட்டுக் கோரிக்கைகளும்தான் என் வேலை. எந்த மருந்து, எத்தனை தவணை என்பதை அம்மாவின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கீழே ஆய்வுகளைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்காக. ரூபாய்க் கணக்கில் நான் தரும் வீச்சுகளும் திட்டமிடுவதற்குத்தான், எந்த மருத்துவமனையின் கட்டணப் பட்டியலும் அல்ல.

வீட்டை அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்பதற்கு முதல் காரணம், இந்தச் செலவு ஒரே நாளில் வருவதில்லை. இந்த வகை நோய்க்குச் சிகிச்சை ஏறக்குறைய 13 முதல் 15 மாதம் ஓடும். முதல் நான்கைந்து மாதம் கீமோ. பெரும்பாலும் இரண்டு மருந்துகள் சேர்ந்த நான்கு சைக்கிள் (மருந்து ஏற்றும் சுற்று), அதன்பின் பாக்லிடாக்செல் வாரம் ஒன்றாக 12 அல்லது டோசிடாக்செல் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு. இதற்கு முன்போ பின்போ அறுவை. பிறகு தேவைப்பட்டால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, மூன்று முதல் ஐந்து வாரம். ஹெர்-2 நோய்க்கான ட்ராஸ்டுசுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓர் ஆண்டுக்கு, சுமார் 18 தவணை. ஹார்மோன் ஏற்பிகளும் (ஹார்மோனால் புற்று வளர்கிறதா என்று காட்டுபவை) பாசிட்டிவாக இருந்தால் அதன்பின் குறைந்தது ஐந்து ஆண்டு மாத்திரை. அது மாதச் செலவில் சில நூறு ரூபாய்தான், பயப்பட வேண்டியதில்லை. ஆக உங்களுக்குத் தேவை 12 லட்சம் ரொக்கம் அல்ல, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வேண்டும் என்ற அட்டவணை. வீடு மூன்று வாரத்தில் விற்றால் பாதி விலைக்குப் போகும். ஆறு மாதம் கழித்து விற்க நேர்ந்தாலும் அதற்குள் சரியான விலை தருபவர் கிடைப்பார்.

இடத்தைப் பொறுத்து இதே சிகிச்சையின் செலவு எப்படி மாறும் என்று பாருங்கள். நகரத் தனியார் மருத்துவமனையில் பொது அல்லது இருவர் அறையில், ட்ராஸ்டுசுமாப் நகல் மருந்தோடு (மூல நிறுவனம் அல்லாத நிறுவனங்கள் தயாரிக்கும் அதே வகை மருந்து) 6 முதல் 10 லட்சம் வரை திட்டமிடலாம். லாப நோக்கமில்லாத அறக்கட்டளை மருத்துவமனைகளில் அதில் பாதியோ அதற்கும் கீழோ. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனம் அந்த வகை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் சலுகை உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் சமூகப் பணியாளர் வழியாகச் சலுகை கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில், உதாரணமாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, மதுரை அரசு மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில், படுக்கைக்கும் கீமோவுக்கும் அறுவைக்கும் நீங்கள் கட்டுவது மிகக் குறைவு அல்லது ஒன்றுமில்லை. அங்கே செலவாவது போக்குவரத்து, தங்குமிடம், கூட இருப்பவரின் சாப்பாடு, அவர் இழக்கும் கூலி. காத்திருக்கும் நேரமும் ஒரு விலைதான்: ஸ்கேனுக்கும் கரண்ட்டுக்கும் வரிசை நீளமாக இருக்கலாம். பலர் கலந்து செய்கிறார்கள். பரிசோதனையை வெளியே எடுத்துக்கொண்டு, அறுவையையும் கீமோவையும் அரசிலோ அறக்கட்டளையிலோ செய்துகொள்வது அறிவான வழி. தலைகீழாக, தனியாரில் தொடங்கி மூன்றாவது சைக்கிளில் பணம் தீர்ந்து அரசுக்கு ஓடுவது மிக மோசமான வழி. பதிவு, மறுஆய்வு, புதிய மருத்துவக் குழு என்று நடுவில் வாரங்கள் போகும். கீமோவின் நடுவே வாரங்கள் போகக் கூடாது.

இப்போது அந்த 12 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். இதில் ஆகப் பெரிய துண்டு ஹெர்-2 மருந்துதான். நீங்கள் அனுப்பிய தாளில் "ஹெர்-2 சிகிச்சை" என்று ஒரே வரியில் 6 லட்சம் போட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ட்ராஸ்டுசுமாப் மட்டும் என்றால், அது மூல நிறுவனத்தின் பிராண்டா, இந்தியாவில் தயாராகும் நகல் உயிரிமருந்தா? பத்தாண்டுக்கும் மேலாக நகல்கள் இங்கே புழக்கத்தில் இருக்கின்றன, பெரிய மையங்களே அவற்றைத்தான் தருகின்றன. இந்த மருந்தில் பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் இடைவெளி பெரிது. 2019 பிப்ரவரியில் மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபத்தை 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. அந்தப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆகவே அச்சிட்ட விலையை அப்படியே பில்லில் போடுகிறார்களா, தள்ளுபடி உண்டா, வெளியே, குளிர் குறையாமல் பாதுகாத்து விற்கும் மருந்தகத்தில் வாங்கி வந்தால் ஏற்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பல மருத்துவமனைகள் வெளி மருந்தை ஏற்பதில்லை. அப்படியானால் அவர்கள் விலையைக் குறைக்க வேண்டும் என்று பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே எடுக்கப்பட்டது. பழைய எஸ்டிமேட்டை அப்படியே அச்சடித்துக் கொடுத்திருந்தால் அதையும் சுட்டிக்காட்டலாம்.

குப்பிக் கணக்கும் முக்கியம், இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. மூன்று வார முறையில் முதல் தவணை கிலோவுக்கு 8 மில்லிகிராம், அதன்பின் ஒவ்வொன்றும் 6. அம்மா 60 கிலோ என்றால் முதலில் 480, பிறகு 360. பெரிய குப்பி 440 மில்லிகிராம். ஒவ்வொரு முறையும் புதுக் குப்பி உடைத்து மிச்சத்தைக் கொட்டினால் 18 தவணைக்கு 19 குப்பி ஆகும். குப்பியோடு வரும் கிருமித்தடுப்பு நீரில் கலக்கினால் மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் 28 நாள் வரை நிற்கும். அடுத்த தவணை 21-ஆம் நாள்தான். மருத்துவமனை மருந்தகம் மிச்சத்தை முறையாகப் பாதுகாத்து அடுத்த தவணைக்குப் பயன்படுத்தினால் 16 குப்பியில் முடியும். குப்பி 15,000 என்று வைத்துக்கொண்டாலும் 45,000 ரூபாய் மிச்சம். சாதாரண ஊசி நீரில் கலக்கினால் இந்த 28 நாள் பொருந்தாது. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் கூடாது. 150 மில்லிகிராம் குப்பிகளும் உண்டு, எடைக்கு ஏற்ப இரண்டையும் கலந்து உடைக்கலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்கு இந்த ஊசி போடும் மையங்களில் மிச்சம் வீணாகாமல் பகிரப்படுகிறது. "எந்த நாளில் ட்ராஸ்டுசுமாப் நோயாளிகள் வருகிறார்கள்?" என்று நர்ஸிடம் கேட்டு அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 6 லட்சத்துக்குள் பெர்டுசுமாப் என்ற இரண்டாவது மருந்தும் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். தொகை அப்படித்தான் காட்டுகிறது. அறுவைக்குப் பின் அதைச் சேர்ப்பதால் வரும் பயனை அளந்த அஃபினிட்டி ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்தோர், சேர்த்தவர்களில் 94.1 சதவீதம், சேர்க்காதவர்களில் 93.2 சதவீதம். அக்குள் நிணநீர்க் கணுவில் நோய் இருந்தவர்களில் 92.0-க்கு 90.2. பயன் உண்டு, ஆனால் சிறியது, கணுவில் நோய் இல்லாதவர்களுக்கு இன்னும் சிறியது. கட்டியை முதலில் கீமோவால் சுருக்கி, பிறகு அறுவை செய்யும் திட்டம் என்றால் கணக்கு வேறு, அங்கே இந்த மருந்துக்கு வலுவான இடம் உண்டு. "அம்மாவுக்குக் கணுவில் இருக்கிறதா, பெர்டுசுமாப் எந்த நோக்கத்துக்கு?" என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதல்ல. நல்ல மருத்துவர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.

ட்ராஸ்டுசுமாப் ஓர் ஆண்டு வேண்டுமா, ஆறு மாதம் போதுமா என்பது இன்னும் முழுதாகத் தீராத விவாதம். இங்கிலாந்தில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெர்செபோனி ஆய்வில் ஆறு மாதம் ஓர் ஆண்டுக்குக் குறைந்ததல்ல என்று வந்தது: நான்கு ஆண்டில் நோய் திரும்பாதிருந்தோர், ஆறு மாதம் பெற்றவர்களில் 89.4, ஓர் ஆண்டு பெற்றவர்களில் 89.8 சதவீதம். பிரான்ஸின் ஃபேர் ஆய்வால் அப்படி நிரூபிக்க முடியவில்லை. அதனால் வழிகாட்டு நெறிகளில் ஓர் ஆண்டே நிற்கிறது. என் பார்வையில் இதை இப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்: ஓர் ஆண்டுக்குத் திட்டமிடுங்கள், ஆனால் பணம் இல்லை என்பதால் இந்த ஊசியையே வேண்டாம் என்று விடாதீர்கள். முழு ஆண்டுக்கு முடியாத நிலை வந்தால், குறைந்த தவணையாவது தரலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சொல்லாமல் இரண்டு தவணையைத் தவறவிடுவதுதான் ஆபத்து. ஒரு தவணை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனாலே மறுபடியும் 8 மில்லிகிராம் என்ற பெரிய தவணையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பு ஹெர்-2 முடிவு உறுதியா என்று பாருங்கள். அறிக்கையில் 3 பிளஸ் என்றிருந்தால் பாசிட்டிவ். 2 பிளஸ் என்றால் அது முடிவே அல்ல. ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்த பிறகுதான் தெரியும். சில ஆயிரம் ரூபாய்ச் சோதனையைத் தவிர்த்துவிட்டுச் சில லட்ச ரூபாய் ஊசிக்குப் போகக் கூடாது. சதைப் பரிசோதனை செய்த ஆய்வகத்திலிருந்து மெழுகுக் கட்டியையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்தது) கண்ணாடிச் சில்லுகளையும் (அந்தச் சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய ஸ்லைடுகள்) கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இவை இருந்தால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மறுபடி ஊசி குத்தி எடுக்காமல் அதையே மறுஆய்வு செய்வார்கள். கண்ணாடிச் சில்லை உடையாத பெட்டியில் வையுங்கள். மெழுகுக் கட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் உருகிவிடும்.

புற்று உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. நோய்க்குறி எதுவும் இல்லாத ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயில் அது எல்லோருக்கும் கட்டாயம் அல்ல என்பது பெரும்பாலான வழிகாட்டுதல்களின் நிலை. இரண்டாம் கட்டத்திலேயே கணுவில் நோய் பரவியிருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ மருத்துவர் கேட்கலாம், அது நியாயம். சிகிச்சை முடிந்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேன், ரத்தத்தில் புற்று அடையாளச் சோதனை என்று தொடர்வதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. மருத்துவர் கையால் பார்ப்பதும் ஆண்டுக்கொரு மேமோகிராமும்தான் வழக்கம். எஸ்டிமேட்டில் "ஃபாலோ-அப் பேக்கேஜ்" என்று இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கும், பல லட்சம் வாங்கும் மரபணுச் சோதனைகளும் ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் நோயாளிகளுக்கானவை. அம்மாவின் வகைக்குப் பொருந்தாது. ட்ராஸ்டுசுமாப் இதயத்தை பாதிக்கக்கூடியதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பதை மட்டும் செலவு பார்த்துத் தள்ளாதீர்கள்.

கரண்ட்டில் இரண்டு கேள்வி கேட்டால் போதும். எத்தனை நாள், எந்த முறை? முன்பு 25 நாள் கொடுத்ததை இப்போது 15 நாளில் முடிப்பது பரவலாகிவிட்டது. இங்கிலாந்தின் ஸ்டார்ட்-பி ஆய்வு 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை 15 தவணையில் கொடுத்து நீண்டகாலம் பின்தொடர்ந்து, அது போதும் என்று காட்டியது. 2020-இல் வந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு ஐந்து நாளிலேயே முடிக்கலாம் என்கிறது. அதை எல்லா இடத்திலும், எல்லா நோயாளிக்கும் செய்வதில்லை. வெளியூர்க்காரருக்கு 25-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வார வாடகையும் இரண்டு வாரக் கூலியும். முறையில், ஐ.எம்.ஆர்.டி. என்ற, கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் முறை விலை கூடியது. மார்புக்குச் சாதாரண முப்பரிமாண முறையே பெரும்பாலும் போதுமானது. இடது பக்கம் என்றால் இதயத்தைக் காக்க மூச்சை அடக்கிக் கொடுக்கும் முறையைக் கேட்கலாம். கரண்ட் மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில், திருச்சியிலோ கோவையிலோ, எடுத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் கரண்ட் கொடுக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் கருவி வந்துவிட்டது. சென்னைக்கு ரயிலில் போவதானால், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை, உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தை முன்பதிவு கவுன்ட்டரில் கொடுத்து வாங்க வேண்டும்.

காப்பீட்டுக்கு வருகிறேன். உங்கள் 3 லட்சத்தை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். குழுக் காப்பீடு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்போது வரம்பும் புதிதாகத் திறக்கும். சிகிச்சை 13 மாதம் ஓடுவதால் இரண்டு பாலிசி ஆண்டுகளில் விழும். புதுப்பிக்கும் தேதி எப்போது என்று இன்றே மனிதவளத் துறையிடம் கேளுங்கள். தேதி பக்கத்தில் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. அறுவையும் கரண்ட்டும் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்தால் போதும். இந்த ஆண்டு வேலை மாறாதீர்கள். மாறியே ஆக வேண்டுமென்றால், விலகுவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு அம்மாவை மாற்ற விண்ணப்பியுங்கள். நோய் தெரிந்த பின் புதிதாக எடுக்கும் தனிநபர் பாலிசி இந்தச் செலவுக்கு உதவாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க விதி அனுமதிக்கிறது, விண்ணப்பத்தையே மறுக்கவும் செய்வார்கள். நோயை மறைத்து எடுத்தால் கோரிக்கை மட்டுமல்ல, பாலிசியே போகும்.

பாலிசி ஆவணத்தில் நான்கு இடங்களைத் தேடுங்கள். பெற்றோருக்கான இணைக்கட்டணம் (ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) 10 அல்லது 20 சதவீதம் உண்டா? அறை வாடகை வரம்பு என்ன? "மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி" என்ற தலைப்பில் (ட்ராஸ்டுசுமாப் இந்த வகைதான்) துணை வரம்பு, அதாவது மொத்த வரம்புக்குள் தனியாக ஒரு உச்சத் தொகை, உண்டா? மருத்துவமனையில் சேர்வதற்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் செலவு சேரும்? அறை வரம்பில்தான் குடும்பங்கள் அதிகம் மாட்டுகின்றன. வரம்பு நாளுக்கு 3,000 என்று வையுங்கள். நீங்கள் 6,000 ரூபாய் அறை எடுத்தால் வித்தியாசமான 3,000 மட்டும் உங்கள் தலையில் விழாது. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு என எல்லாக் கட்டணத்தையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். அவை 1,60,000 என்றால் 80,000 உங்களுடையது. மருந்து, நுகர்பொருள், பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது. வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

கீமோவுக்கு 24 மணி நேரம் படுக்க வேண்டியதில்லை, பகல்நேரச் சிகிச்சையாகவே கோரலாம். சிக்கல் வருவது கீமோ முடிந்து ட்ராஸ்டுசுமாப் மட்டும் தனியாகப் போகும் எட்டு ஒன்பது மாதத்தில். "இது கீமோ அல்ல, வெளிநோயாளி ஊசி" என்று சில கோரிக்கைகள் திரும்பும். தடுக்க வழி: ஒவ்வொரு முறையும் பகல்நேரச் சேர்க்கையாகப் பதிவு செய்து, "நரம்பு வழி இலக்கு மருந்து, மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கப்பட வேண்டியது, முந்தைய சிகிச்சையின் தொடர்ச்சி" என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி முதல் கோரிக்கையோடே இணைத்துவிடுங்கள். குப்பியின் ஸ்டிக்கர், தொகுதி எண் உள்ள மருந்தகப் பில், ஹெர்-2 அறிக்கை நகல் மூன்றும் எப்போதும் கூட இருக்கட்டும். கேஷ்லெஸ் (நீங்கள் கட்டாமல் நிறுவனமே நேரே மருத்துவமனைக்குக் கட்டுவது) முன் அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாளில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்ப்பவர்) போகலாம், 50 லட்சம் வரையான கோரிக்கைக்கு, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, புற்றுநோய்க்கான அறுவை, கீமோ, கரண்ட் எல்லாம் அடங்கும். வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. உங்கள் சம்பளம் அதே ரேஷன் கார்டில் சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். வி.ஏ.ஓ.விடம் பொய்யான சான்று வாங்கும் வழியை யாராவது சொல்வார்கள், அது நடுச் சிகிச்சையில் ரத்தானால் தவிப்பது நீங்கள். நீங்கள் திருமணமாகித் தனிக் கார்டில் இருந்து, பெற்றோர் தங்கள் வருமானத்தில் உண்மையாகவே தனியாக வாழ்ந்தால் நிலைமை வேறு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாரோடு கேளுங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில், அந்தப் பேக்கேஜில் அடங்கியதற்கு மேல்பணம் கேட்கக் கூடாது. அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனைக் கதவு மூடாது என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால்: மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அங்கே மருத்துவம் கேட்கலாம். தொழிலாளிக்கே புற்றுநோய் என்றால் தகுதிக் காலம் நிறைந்திருந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகக் கூலியில் 80 சதவீதம் வரும்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு எழுதலாம். புகைப்படம், முகவரிச் சான்று, வருமானச் சான்று, நோயும் செலவு மதிப்பும் எழுதிய மருத்துவமனையின் அசல் சான்று ஆகியவை வேண்டும். பணம் மருத்துவமனைக்கே போகும், பகுதித் தொகைதான் கிடைக்கும். இங்கே ஒரு விஷயம் உறுதி: இந்த நிதியும், பெரும்பாலான அறக்கட்டளைகளும், அரசுத் திட்டமும் ஏற்கெனவே நீங்கள் கட்டிவிட்ட பணத்தைத் திருப்பித் தருவதில்லை. முதலில் நகையை வைத்துக் கட்டிவிட்டுப் பிறகு உதவி தேடுபவர்கள் தோற்பது இதனால்தான். முதல் ரூபாயைக் கட்டும் முன்பே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் நிதி போன்றவற்றுக்கு விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும். குணமாகும் வாய்ப்பு அதிகமுள்ள ஆரம்பக் கட்ட நோய்க்கு அங்கே முன்னுரிமை உண்டு, அம்மாவின் நிலை அதற்குப் பொருந்தும்.

எஸ்டிமேட்டில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. கீமோவில் வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்தால் நாலைந்து நாள் அவசரச் சேர்க்கை ஆகும். தனியாரில் அது ஐ.சி.யூ. வரை போனால் லட்சத்தைத் தொடும். இதற்காகக் குறைந்தது ஒரு லட்சத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் நள்ளிரவானாலும் போக வேண்டும். காலை வரை காத்திருந்தால் உயிருக்கும் ஆபத்து, செலவும் பல மடங்கு. இதைத் தடுக்கப் போடும் வெள்ளணு ஊசியிலும் நகல்கள் உண்டு, அவற்றிலும் அச்சு விலைக்கும் கொள்முதல் விலைக்கும் பெரிய இடைவெளி. எல்லாச் சைக்கிளிலும் அது தேவையா, எந்தச் சைக்கிளில் தேவை என்று கேளுங்கள்.

கடன் என்று வந்தால் வரிசை இப்படி: முதலில் கையிருப்பு, பிறகு உங்கள் வருங்கால வைப்பு நிதியிலிருந்து மருத்துவ முன்பணம் (திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வட்டியும் இல்லை), பிறகு வங்கியிலோ கூட்டுறவிலோ நகைக்கடன். தனிநபர் கடன் அதற்கும் பிறகு. கிரெடிட் கார்டும் செயலிக் கடனும் வேண்டவே வேண்டாம். வீட்டை விற்பதைவிட வீட்டின் மேல் கடன் வாங்குவது பல நேரம் மேல். ஆனால் 32,000 சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று பார்த்துச் செய்யுங்கள். இணையத்தில் நிதி திரட்டுவது உதவும், ஆனால் அம்மாவின் படமும் நோய் விவரமும் காலத்துக்கும் அங்கே இருக்கும். அவரைக் கேட்காமல் போடாதீர்கள். பழைய வரிமுறையில் இருந்தால் 1961 சட்டத்தின் 80டிடிபி பிரிவில் சார்ந்திருக்கும் பெற்றோரின் புற்றுநோய்ச் செலவுக்கு 40,000 வரை கழிவு உண்டு, 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒரு லட்சம். காப்பீட்டில் வந்ததைக் கழித்துத்தான் கணக்கு, நிபுணரின் சீட்டு வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண் வேறு, கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். புதிய எஸ்டிமேட் ஒன்றை மாதவாரியாகக் கேளுங்கள்: மருந்தின் பெயர், நிறுவனம், மில்லிகிராம், குப்பி எண்ணிக்கை, ஒரு குப்பியின் பில் விலை, அறை வகை, கரண்ட் எத்தனை நாள், இதில் எது கட்டாயம், எது விருப்பம். எழுதித் தர மறுக்கும் இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அதே வாரத்தில், மெழுகுக் கட்டியோடும் அறிக்கைகளோடும் அடையாறிலோ ஜிப்மரிலோ இரண்டாம் கருத்துக்குப் பதிவு போடுங்கள். இரண்டு மூன்று வாரம் இதற்குச் செலவானால் தவறில்லை, இரண்டு மூன்று மாதம் ஆனால் தவறு. நாட்டு மருந்து என்று யாராவது ஆறு மாதம் கேட்டால் அந்த ஆறு மாதத்தில் இரண்டாம் கட்டம் நான்காம் கட்டமாகலாம், அந்த நோய்க்கான செலவுக்கு முடிவு தேதியே கிடையாது. பாலிசி ஆவணத்தில் துணை வரம்புகள் உள்ள பக்கத்தையும் புதிய எஸ்டிமேட்டையும், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள். அறை வரம்பிலும் ஊசி வரம்பிலும் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.